ஆள்காட்டி கத்தினால் திரும்பி வாருங்கள்



முன்பு ஒருநாள் மூன்றாம் வகுப்பில், "பறவைகள் மரத்தில் கூடு கட்டி முட்டையிடும்" என்று கரும்பலகையில் எழுதினேன். ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், ஆள்காட்டி தரையிலதான் முட்டை வைக்கும்" என்றான். "உட்காருடா" என்றுவிட்டேன்.

இப்போது எங்கள் தெருவின் கடைசி மனையில் ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. கூடு என்று எதுவும் இல்லை. மண்ணில் சிறு பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சரளைக்கல், அவ்வளவுதான். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள் கல்லோடு கல்லாகக் கிடக்கின்றன. பக்கத்தில் நின்றாலும் சட்டென்று தெரியாது. அதுதான் முதல் காவல்.

இரண்டாவது காவல் தந்திரம். ஆள் வருவதைத் தூரத்திலேயே பார்த்து, அடைகாக்கும் பறவை சத்தமில்லாமல் எழுந்து நடந்துபோய், பிறகுதான் பறந்து கத்தும். நாம் அது கத்தும் இடத்தில் தேடுவோம். முட்டை வேறு இடத்தில் இருக்கும். நாயோ காகமோ நெருங்கினால் ஆணும் பெண்ணும் மேலே பாய்ந்து விரட்டும். மாடு மிதிக்க வந்தால் சிறகை விரித்து எதிரே நிற்கும். வெயில் கடுமையானால் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும்.

இத்தனை செய்தும் அதனால் சமாளிக்க முடியாதவை இரண்டு: ஜேசிபியும் நம் செல்போனும். போட்டோவுக்காக நாம் அங்கே நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் காய்கிறது. அதை ரசனை என்று சொல்லிக்கொள்வது தவறு என்பது என் கருத்து.

மனைக்காரரிடம் பேசினேன். "சும்மா கிடக்கிற இடம்தானே சார்" என்றார். "சும்மா இல்லைங்க, ஒரு குடும்பம் குடியிருக்கிறது" என்றேன். அடைகாப்பது ஏறக்குறைய நான்கு வாரம். பொரித்த குஞ்சுகள் சீக்கிரமே எழுந்து பெற்றோர் பின்னால் நடந்துவிடும். மண் வேலையை ஒரு மாதம் தள்ளிவைத்தால் போதும். "யோசிக்கிறேன்" என்றிருக்கிறார்.

உங்களில் பலர் வீடு கட்டுகிறீர்கள், மனை வாங்குகிறீர்கள். வண்டி இறங்குவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்தினால், தேடாமல் திரும்பி வாருங்கள்.

அன்றைக்கு எழுந்து நின்ற தம்பி இதைப் படித்தால்: நீ சொன்னதுதான் சரி. உன்னை உட்கார வைத்தது என் தவறு.