மாவட்டங்களுக்கு எதற்கு ரேங்க்?

மாண்புமிகு தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

2017-இல் பொதுத்தேர்வு முடிவு வந்தபோது மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று எந்தப் பிள்ளையின் பெயரையும் அரசு அறிவிக்கவில்லை. நல்ல முடிவு. ஆனால் பிள்ளைகளுக்கு நிறுத்திய ரேங்க் மாவட்டங்களுக்கு நிற்கவில்லை. 2024 பிளஸ் டூவில் திருப்பூர் முதலிடம், 97.45 சதவீதம். 2025-இல் அரியலூர், 98.82. கடைசி இடம் எந்த மாவட்டம் என்பதும் அன்றே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது.

பிறகு நடப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையாசிரியர்களைக் கூட்டுகிறார். தலைமையாசிரியர் பாட ஆசிரியரைக் கேட்கிறார். ஆசிரியர் யாரைக் கேட்பார்? கடைசி பெஞ்சுப் பிள்ளையைத்தான். அவனுக்கு ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் வைத்து, தேர்ச்சிக்குப் போதுமான கேள்விகளை மட்டும் தொகுத்த மெல்லிய கையேடு ஒன்றைக் கையில் கொடுக்கிறோம். காலையில் ஸ்லிப் டெஸ்ட், மாலையில் சிறப்பு வகுப்பு. அரையாண்டு முடிந்ததும் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு எடுத்துக்கொள்ளும். நூலகப் பீரியடு கால அட்டவணையில் பத்திரமாக இருக்கும். ஒளிச்சேர்க்கைக்குச் சமன்பாடு எழுதும் பிள்ளை, பள்ளி வாசலில் நிற்கும் வேப்பமரம் எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் விழிக்கிறான். மதிப்பெண் என்னவோ வந்துவிடுகிறது.

தேர்ச்சி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவனுக்குப் பாலிடெக்னிக் கதவும் திறக்காது. எந்தப் பள்ளி பின்தங்குகிறது என்று அரசு தெரிந்துகொள்ளட்டும். அங்கே காலிப் பணியிடத்தை நிரப்பட்டும். அதற்கு மேடை போட்டு அறிவிக்க வேண்டியதில்லையே!

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-இல் கைவிட்டதையும் வரவேற்கிறேன். அந்தத் தேர்வு வந்ததே, பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்ததால்தான். அந்த நோய் திரும்பக் கூடாது. பரீட்சை பயமில்லாத அந்த ஒரு வருடத்தில்தான் ஆய்வகத்தில் நிதானமாக நிற்க முடியும், கேள்வி கேட்க முடியும். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் மதிப்பெண் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, மாணவர்களின் செய்முறை நோட்டை வாங்கிப் பார்க்கட்டும். அவர்களோடு பத்து நிமிடம் பாடத்தைப் பற்றிப் பேசட்டும்.

அடுத்த தேர்வு முடிவுக் குறிப்பில் மாவட்ட வாரித் தேர்ச்சிப் பட்டியலைத் தவிர்க்க உத்தரவிடுங்கள். அதற்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்