பால் வற்றிய மரம்

யட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கம் போனால், பால் வெட்டி ஓய்ந்த இறப்பர் மரங்களை ஏற்றிக்கொண்டு லொறிகள் இறங்குவதைக் காணலாம். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தந்த மரம் பிறகு மேசையாகிறது, கதிரையாகிறது, வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடும் பொம்மையாகவும் ஆகிறது. இறப்பர்ப் பலகை லேசில் கெட்டுவிடும். அதில் மாப்பொருள் அதிகம் என்பதால், தறித்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். உடனே அறுத்து, போரன் உப்புக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். படிக்குப் படி தேர்ந்த கை தேவைப்படும் வேலை. அந்த மரத்தில் பால் வெட்டிய தாயின் பிள்ளைக்கு இந்தத் தேர்ச்சி ஏன் கிடைக்கவில்லை?

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அங்கே படித்த பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1970களில்தான் அரசாங்கம் அந்தப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அந்தப் பிந்தல் இன்னும் தீரவில்லை.

இப்போது கைப்பணி என்றால், சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைக்கு ஒரு தையல் வகுப்பு. படிப்பு வராதவருக்கான ஆறுதலாகக் கைத்தொழிலைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆறாம் ஆண்டிலிருந்தே சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று பாடங்கள் இருக்கின்றன; சின்னத் தோட்டப் பாடசாலையில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ, அதுவே பிள்ளையின் பாடம். மாசியில் காமன் கூத்துக்காகக் காமன் ஊன்றி, ரதிக்கும் மதனுக்கும் முடி செய்து, தப்பை நெருப்பில் காய்ச்சிச் சுருதி கூட்டும் லயத்துப் பையனுக்குக் கலை புதிதல்ல. அவனுடைய திறமைக்குப் புள்ளி போட ஆளில்லை, அவ்வளவுதான்.

யட்டியாந்தோட்டையும் தெரணியகலவும் இருக்கும் கேகாலை, கைவினைக்குப் பேர்போன மாவட்டம். கண்டி வீதியில் மொலகொட குயவர்கள் இருக்கிறார்கள். கண்டிய நாட்டுக் கைவினைஞரைத் தேடித்தேடி ஆனந்த குமாரசுவாமி எழுதிய பெருநூல் 1908இல் வந்தது. நம் தோட்டங்களும் அந்த நாட்டுக்குள்தான் இருக்கின்றன. இங்குள்ள நம் பிள்ளைகள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள். எழுதுவதுதான் பலருக்குச் சிரமம். ஆகவே மொலகொடயிலிருந்து ஒருவர் தமிழ்ப் பாடசாலைக்கு வந்து சக்கரம் சுற்றிக் காட்டலாம். கண் பார்த்துக் கை பழகிவிடும். அந்தப் பயிற்சிக்கான சான்றிதழ்ப் பரீட்சைத் தாள் மட்டும் தமிழில் வர வேண்டும்.

மரத்துக்கும் வழி உண்டு. மீள்நடுகைக்காகத் தறிக்கும் தோட்டக் கம்பனிகள், ஒவ்வொரு தடவையும் நாலைந்து மரத்தின் பலகையைப் பதப்படுத்தி அருகிலுள்ள பாடசாலைக்குக் கொடுக்கட்டும். ஒரு பட்டறை, வாரத்தில் இரண்டு பின்னேரம், ஒழுங்காகச் சம்பளம் பெறும் ஒரு தச்சு பாஸ். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.