தேங்கிய சரக்கும் தேடி வரும் வாடிக்கையாளரும்

நமது சங்க இதழில் வரி, கடை வாடகை, ஆன்லைன் போட்டி பற்றியெல்லாம் பலர் விளக்கமாக எழுதி வருகிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். பழைய பொம்மை ரயில்களைச் சேகரிப்பவர்கள் ஒன்றுகூடி வாங்கி விற்கும் சந்தைகளைப் பற்றியது இது. கருமத்தம்பட்டியில் பொம்மை, பேன்சி மொத்த வியாபாரம் செய்பவனுக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் குடோன்களில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளுக்கும் அந்தச் சந்தைக்கும் சம்பந்தம் உண்டு என்பதே என் பதில்.

அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டு பொம்மை ரயில் சேகரிப்பவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் கிழக்குப் பிரிவு, பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், பெரிய சந்தை நடத்துகிறது. ஊர்த் திருவிழா மைதானத்தில் உள்ள கூடங்களில் வரிசை வரிசையாக மேசை போட்டிருப்பார்கள். மேசைக்கு வாடகை கட்டி, அதன்மேல் சரக்கைப் பரப்பி விற்க வேண்டியதுதான். சந்தை தொடங்கும் முன்பே அந்த ஊர் விடுதிகளின் வண்டி நிறுத்தும் இடங்களில் வியாபாரம் களை கட்டிவிடும். நம் அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் நாள் இரவே வந்து இறங்குகிறவனுக்குத்தான் நல்ல உருப்படி கிடைக்கும்.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவோம். அங்கே ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டும் தரச்சீட்டும் தொங்கும். புத்தம் புதியது, புதியது போன்றது, நல்ல நிலை, சுமார், மோசம் என்று பல படிகளாகத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் மாட்டுக்குப் பல் பிடித்துச் சுழி பார்ப்பது போல, அவர்கள் ரயிலுக்குச் சக்கரம், பெயிண்ட், பெட்டி, அச்செழுத்து எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பிற்காலத்தில் செய்த நகலையும், மறுபடி பெயிண்ட் அடித்ததையும் அசல் என்று சொல்லி விற்பவனை அந்த வட்டாரம் மன்னிக்காது. ஒருமுறை பெயர் கெட்டால் மறுமுறை அவன் மேசைப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

பொம்மை ரயிலின் கதையே கடைக்காரர்களோடு சம்பந்தப்பட்டதுதான். 1891இல் ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் லைப்சிக் வணிகச் சந்தையில், அளவு வரையறுத்த தண்டவாளத்தில் ஓடும் சாவி ரயிலைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளத்தையும் பெட்டிகளையும் பிறகு தனித்தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை வாங்கியவன் திரும்பத் திரும்பக் கடைக்கு வருவதற்கு அவர்கள் கண்ட வழி அது. அமெரிக்காவில் லயனல் நிறுவனத்தை 1900இல் தொடங்கிய ஜோஷுவா லயனல் கோவன், முதலில் ரயிலைக் குழந்தைகளுக்காகச் செய்யவில்லை. கடை ஜன்னலில் சரக்கை ஏற்றிச் சுற்றி ஓடி, தெருவில் போகிறவர்களை நிற்க வைக்கும் விளம்பரப் பொருளாகத்தான் செய்தார். வந்தவர்கள் உள்ளே இருந்த சரக்கை விட்டுவிட்டு அந்த ரயிலையே விலைக்குக் கேட்டார்கள். வாடிக்கையாளர் கை நீட்டிக் காட்டும் பொருளைக் கவனிப்பவனே வியாபாரி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே லயனல் 1957இல் பெண் குழந்தைகளுக்காக இளஞ்சிவப்பு எஞ்சின் வைத்த ரயில் ஒன்றை வெளியிட்டது. கடைகளில் அது விலை போகவில்லை. குழந்தைகள் கேட்டது நிஜ ரயில் போன்ற ரயிலை. ஆனால் விலை போகாமல் தேங்கிய அந்தச் சரக்கைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். விற்றது குறைவு என்பதால் மிஞ்சியதும் குறைவு. அதற்கு நகல்களே வந்துவிட்டன என்றால் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வெளிநாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனம் 1987இல் தொடங்கப்பட்டது. அவர்கள் இங்கே தயாரித்த ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மைகள் அமெரிக்கப் பொம்மைகளிலிருந்து நிறத்தில் மாறுபட்டிருந்தன. அந்த மாறுபாட்டுக்காகவே அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றை வாங்கினார்கள். நம் ஊர்க் கடைகளில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த அட்டைப் பாக்கெட்டுக்குக் கடல் தாண்டி வாடிக்கையாளர் இருந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அது அப்போது தெரியும்?

எனவே தேங்கிய சரக்கை எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். தகர பஸ், சாவி கொடுக்கும் ரயில், கம்பெனி பெயர் அச்சிட்ட அட்டைப் பெட்டி இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பெட்டியைக் கிழிக்காதீர்கள். சேகரிப்பவருக்கு உள்ளே இருக்கும் பொருளைப் போலவே வெளிப்பெட்டியும் முக்கியம். துருவைத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்தால் மதிப்பு கூடும் என்று நினைக்க வேண்டாம். குறையும்.

இப்படிப்பட்ட சந்தையில் மேசை போடுகிறவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சரக்கை மூட்டையாகக் குவிக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் விலையும் குறையும் எழுதி வைக்க வேண்டும். ஓடுகிற ரயில் என்றால் ஓட்டிக் காட்ட ஒரு சின்னத் தண்டவாளம் வைக்க வேண்டும். சந்தை முடியும் முன் மூட்டை கட்டக் கூடாது. முக்கியமாக, வருகிறவருக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்பதை ஒப்புக்கொண்டு காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் இன்று வாங்காவிட்டாலும், தனக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவார். அடுத்த கொள்முதலுக்கு அது வழிகாட்டி.

இனிச் சட்டம். இதில் அலட்சியம் கூடாது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மீறினால் 2016ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. முத்திரை இல்லாத பழைய சரக்கைக் குழந்தைகள் விளையாட விற்கவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் இது சட்டத்துக்கு மட்டுமல்ல, மனசாட்சிக்கும் உரிய விஷயம். ஆனால் அந்த ஆணை, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருளையே பொம்மை என்று வரையறுக்கிறது. பெரியவர்கள் அலமாரியில் வைக்க வாங்கும் 50 ஆண்டுப் பழைய தகர ரயில் இதில் எங்கே நிற்கிறது? ஒவ்வொரு வியாபாரியும் தனக்குத் தோன்றியபடி அர்த்தம் செய்துகொள்வது ஆபத்து. நமது சங்கமே பி.ஐ.எஸ். அலுவலகத்துக்கு எழுதி, எழுத்து மூலம் விளக்கம் பெற்றுத் தர வேண்டும்.

ஜி.எஸ்.டி.யிலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பயன்படுத்திய பொருளை வாங்கி, அதன் தன்மை மாறாமல் விற்கும் வியாபாரி, கொள்முதலில் உள்ளீட்டு வரி எடுக்காதிருந்தால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். விதி 32இல் இதற்கு இடம் இருக்கிறது. குடோனில் விற்காமல் கிடந்த புதுச் சரக்குக்கு இது பொருந்தாது. அடுத்தது, பாலக்காட்டுக்கோ பெங்களூருக்கோ கண்காட்சிக்குச் சரக்கு கொண்டு போய் விற்பவர், அந்த மாநிலத்தில் தற்காலிக வரி செலுத்துநராகப் பதிய வேண்டும். குறைந்தது 5 நாள் முன்னதாக விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பதிவு அதிகபட்சம் 90 நாள் செல்லும், தேவையானால் நீட்டிக்கலாம். உங்கள் ஆடிட்டரைக் கலந்துகொண்டு செய்யுங்கள்.

இதை நம்பிக் கடன் வாங்கிப் பழைய சாமான் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். சேகரிப்பு வியாபாரம் ஒரு தலைமுறையின் ஆசையோடு வளர்ந்து, அந்தத் தலைமுறையோடு தளர்வது. லயனல் 2004இல் ஒரு வழக்கில் தோற்றபின் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. மார்க்ளின் தன் 150ஆம் ஆண்டான 2009இல் நொடித்து, 2013இல் கைமாறியது. ரயிலுக்காக ஏங்கிய சிறுவர்கள் தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். பேரன்கள் வேறு எதையோ தேடுகிறார்கள். கையிலிருக்கும் சரக்கை நல்ல விலைக்கு விற்பது வேறு, சூதாட்டமாகச் சரக்குச் சேர்ப்பது வேறு.

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுதத் தூண்டியதே அதுதான். கோவைப் பக்கம் மில் வேலையில் இருந்த ஒருவர் காலமானபின், அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சாவி ரயில்களை அந்த வீட்டு அம்மா பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். வந்தவருக்கு அதன் மதிப்பு நன்றாகத் தெரியும். இருந்தும் தகர எடைக்குத்தான் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சட்டப்படி இதில் குற்றம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தராசு பிடிக்கும் கைக்கு இது அழகல்ல. விவரம் தெரியாதவரிடம் வாங்கும்போது விவரத்தையும் சொல்லி வாங்குவதுதான் வியாபாரம். நமக்கு வர வேண்டிய லாபம் அதற்குப் பிறகும் இருக்கும்.

இதற்கும் சேர்த்து ஒரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஆண்டுக்கு ஒருநாள், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, கொங்கு வட்டாரச் சேகரிப்பாளர் சந்தை ஒன்றை நாமே நடத்தலாம். நாணயம், தபால்தலை, பழைய பொம்மை, கடிகாரம் எல்லாம் வரட்டும். மேசைக்கு மிதமான வாடகை வைப்போம். விலைச்சீட்டும் தரச்சீட்டும் கட்டாயம், நகலை நகல் என்று எழுத வேண்டும் என்ற இரண்டு விதிகளை முதலிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவோம். நுழைவாயில் பக்கம் ஒரு மேசையைச் சங்கமே எடுத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் பழம்பொருளைக் கொண்டு வருகிறவர்களுக்கு அனுபவசாலிகள் இருவர் இலவசமாக மதிப்புச் சொல்லட்டும். அந்த அம்மாவைப் போன்றவர்கள் அங்கே வரலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 1908 முதல் ஓடும் மலை ரயிலை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரே அதைப் பொம்மை ரயில் என்றுதான் அழைக்கிறது. வார்ப்படமும் லேத்தும் நிறைந்த கோவையில், அந்த எஞ்சினை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து அப்படியொரு சந்தையில் ஒருவர் மேசையில் வைத்தால் அதைத் தேடி வருபவர்கள் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இதனை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு ஆவன செய்ய வேண்டுகிறேன். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை இதழுக்கு எழுதட்டும். அதற்குள் குடோனில் இருக்கும் பழைய பெட்டிகளை யாரும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.