ஷெட்டுக்கு எதற்கு ஜன்னல்?

பாகூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதன் ஓரத்தில் 2014இல் என் தம்பி ஒரு ஷெட் போட்டான். முப்பதடி நீளம், இருபதடி அகலம். பத்தடிக்கு ஒரு இரும்புத் தூண், தூணின் கால் கான்கிரீட்டில். மேலே இரண்டு பக்கமும் சரிந்த கூரை, சுற்றிலும் வண்ணம் பூசிய தகர ஷீட். கிழக்கே சாலையைப் பார்த்து ஒரு ரோலிங் ஷட்டர். அவ்வளவுதான். நெல் மூட்டையும் பவர் டில்லரும் வைக்கக் கட்டிய இடம். மூட்டைக்கு எதற்கு ஜன்னல்? வைக்கவில்லை. அது சரிதான்.

தம்பி காலமான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. ஷெட் சும்மா கிடந்தது. தம்பி மனைவி கெட்டிக்காரி. ஆறு தையல் மெஷின் வாங்கிப் போட்டு, பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆறு பேரை வைத்து, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். நல்ல காரியம் என்று நானும் மெச்சினேன். மூட்டை இருந்த இடத்தில் மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்பது அப்போது எனக்கும் உறைக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் அரசாங்க அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே கோப்பு பார்த்தவனுக்கு எங்கே உறைக்கும்?

சீருடைக்கு எது சீசன்? மே மாதம். ஜூனில் பள்ளி திறக்க வேண்டுமே. அதாவது, கத்திரி வெயிலும் ஓவர்டைமும் ஒன்றாக வரும். 2024 மே மாதம் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, அங்கே தைத்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண் மயங்கி விழுந்தாள். மெஷின் மேசையின் விளிம்பு நெற்றியில் பட்டு இரண்டு தையல். துணிக்குப் போட வேண்டியது நெற்றியில். வெயில் சூடு, உடம்பில் தண்ணீர் இல்லை என்றார் டாக்டர். தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், அங்கே கழிப்பறை இல்லாததால் எந்தப் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லையாம். அது தனிக் கதை. அதையும் பிறகு கட்டினோம்.

மறுநாள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். வேப்பமரத்து நிழலில் 38 டிகிரி. ஷெட்டுக்குள் 43. நான்கு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றை உண்டாக்காது, இருக்கிற காற்றைத்தான் சுற்றிவிடும். உள்ளே இருப்பது 43 டிகிரிக் காற்று என்றால், உடம்பு சூட்டையும் தாண்டிய அனலைத்தான் அது முகத்தில் வீசும்.

ஜன்னல் வைக்கச் சொன்னேன். அன்றிலிருந்து மூன்று எதிர்ப்புகள்.

முதலாவது என் தம்பி மகன். "ஏசி போட்டுடலாம் பெரியப்பா" என்றான். வெறும் தகரத்துக்குள் ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. ஷீட்டின் வளைவுக்கும் கூரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. கூரை முழுக்க வெயில். மின்சாரப் பில்லை யார் கட்டுவது? ஏசி வேண்டாமென்றதும், கூரையில் நான்கு கண்ணாடி ஷீட் மாற்றினால் வெளிச்சம் வருமே என்றான். வெளிச்சம் வரும். அதோடு வெயிலும் நேராக உள்ளே இறங்கும். நெல் காயவைக்க நல்ல யோசனை.

இரண்டாவது, ஷெட் போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர். "ஷீட்டை வெட்டினா ஷெட் நிக்காது ஐயா. அடுத்த புயல்ல கையில வந்துடும்" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. பாதி சரியாக இருப்பதால்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

செங்கல் சுவரில் ஜன்னலுக்கு ஓட்டை போட்டால் மேலே இருக்கும் சுவரின் பாரம் என்னாவது என்று யோசிக்க வேண்டும், லிண்டல் போட வேண்டும். தூண் நட்டுப் போட்ட ஷெட்டில் அந்தக் கவலை இல்லை. கூரையின் பாரம் தூண் வழியாகத் தரைக்குப் போகிறது. ஷீட் என்பது தூணுக்குப் போர்த்திய வேட்டி. இரண்டு தூணுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். தூணை மட்டும் தொடக்கூடாது. அந்த அளவில் கான்ட்ராக்டர் சொன்னது தவறு.

சரியான பாதி எது? காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஷெட் சாயாமல் இறுக்கிப் பிடிப்பதில் அந்த வேட்டிக்கும் பங்கு உண்டு. நிறைய வெட்டினால் அந்தப் பிடிப்பு குறையும். இன்னொன்று, புயலில் ஜன்னல் திறந்துகொண்டால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். மேலே ஓடும் காற்றும் அதே கூரையை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் ஷீட் பறக்கும். 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்குப் பரிகாரம் ஜன்னலே வேண்டாம் என்பதல்ல. தூணும் மேல் பைப்பும் சேரும் மூலைகளில் சாய்வாக இரண்டடி ஆங்கிள் துண்டு வைத்து வெல்டு செய்தால் போன பிடிப்பு திரும்ப வரும். ஜன்னலுக்குக் கெட்டியான கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். வெறும் கம்பி வலையை அடித்துவிட்டுப் போகக்கூடாது.

மூன்றாவது எதிர்ப்புதான் உண்மையான எதிர்ப்பு. தம்பி மனைவி நேரடியாகச் சொல்லவில்லை. திருடன் வருவான், மழைச்சாரல் துணியில் படும் என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில், "பொம்பளப் பிள்ளைங்க வேலை செய்யிற இடம் மாமா. ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பாப்பான்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சரி, அந்தப் பெண்களையே கேட்போம் என்றேன். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அவங்க பாக்கறது இருக்கட்டும் ஐயா. வெளியே யார் நிக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரிய மாட்டேங்குதே. ஷட்டர் பாதி இறங்கியிருக்கு, வெறும் காலுதான் தெரியுது. பஸ் வர்றதும் தெரியல." இன்னொரு பெண், "இடி இடிச்சாதான் மழைன்னே தெரியும்" என்று சிரித்தாள். ஜன்னல் என்றால் வெளியே இருப்பவன் உள்ளே பார்க்கிற ஓட்டை என்றே நாங்கள் மூன்று பெரியவர்களும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில். விக்தோர் உய்கோவின் பெரிய நாவலில், சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினாரே அதில், வரும் ஆயர் தம் பிரசங்கத்தில் குடிசைகளின் வாசல்களை எண்ணுவார். நாட்டில் மூன்று லட்சத்து நாற்பத்தாறாயிரம் குடிசைகளுக்குக் கதவைத் தவிர வேறு திறப்பே இல்லை என்பார். காரணம் கதவு, ஜன்னல் வரி. 1798இல் வந்த வரி 1926 வரை பிரான்சில் இருந்தது. எத்தனை திறப்போ அதற்கேற்ப வரி. ஏழைகள் காற்றைச் சுவர் வைத்து அடைத்தார்கள். எங்கள் மிசே அதை வாசித்தபோது நாங்கள் வகுப்பில் சிரித்தோம், இப்படியும் ஒரு வரியா என்று. இங்கே எவனும் ஜன்னலுக்கு வரி போடவில்லை. நாமாகவே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதுவும் எந்த ஊரில்? கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆளுயர ஜன்னலும் சரிவுப் பலகைக் கதவும் வைத்து, வெயிலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்ட ஊரில். 'ஜன்னல்' என்ற சொல் போர்த்துகீசியர் கொடுத்தது. அவர்கள் வருவதற்கு முன்பே நம்மிடம் 'காலதர்' இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்தைப் பற்றியோ வேடிக்கையைப் பற்றியோ அந்தச் சொல்லில் பேச்சே இல்லை.

எத்தனை ஜன்னல்? தம்பி மகன் ஒன்று போதும் என்றான், அதுவும் ஷட்டருக்குப் பக்கத்தில். ஒரே பக்கத்தில் எத்தனை வைத்தாலும் காற்று உள்ளே வந்து போக வழியில்லை. வந்த காற்று எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். நம்முடைய தேசியக் கட்டட விதித் தொகுப்பில், புழுக்கமான வெப்பப் பகுதிகளில் மனிதர் வசிக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்று கணக்கு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஷெட் 600 சதுர அடி. ஆறில் ஒன்று 100 சதுர அடி. எழுத்தர் புத்தி, நானே பென்சிலில் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி அகலம், நான்கடி உயரம் என்றால் ஒரு ஜன்னல் 20 சதுர அடி. தெற்கே மூன்று, வடக்கே இரண்டு. சரியாக நூறு.

தெற்கே மூன்று வைத்ததற்குக் காரணம் கடற்காற்று. எங்கள் பக்கம் கோடையில் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும். வடக்கே இரண்டோடு நிறுத்தியதற்குக் காரணம் ஐப்பசி, கார்த்திகை மழை. அது வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் வடக்கு ஜன்னல்களுக்கு மட்டும் கீலை மேலே வைத்து, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கிற கதவு. தூறலிலும் கால்வாசி திறந்து வைக்கலாம், கதவே குடையாக நிற்கும்.

வெட்டும் வேலையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தம்பி அந்தக் காலத்திலேயே பக்கவாட்டுக் குறுக்குப் பைப்புகளை மூன்றடியிலும் ஏழடியிலும் ஓட்டியிருந்தான். நடுவே நான்கடி. ஆகவே ஒரு பைப்பைக்கூட அறுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு குறுக்குப் பைப்புக்கும் நடுவே இரண்டு சதுரப் பைப்பை நிறுத்தி வெல்டு வைத்தால் சட்டம் தயார். சட்டத்தை முதலில் உள்ளே நிறுத்தி, நான்கு மூலையிலும் உள்ளிருந்து துளை போட்டு, வெளியே அந்தத் துளைகளை இணைத்துக் கோடு போட்டு, அதற்குப் பிறகுதான் ஷீட்டில் கை வைக்க வேண்டும். முதலில் ஷீட்டை வெட்டிவிட்டு ஓட்டைக்கு ஏற்றபடி சட்டம் அடிக்கிறவர்கள்தான் அதிகம். எங்கள் வெல்டரும் அதற்குத்தான் ஆயத்தமானார்.

கிரைண்டர் வேண்டாம், தகரம் வெட்டும் கத்திரியால் வெட்டுங்கள் என்று அவரிடம் அரைமணி நேரம் மன்றாடினேன். கிரைண்டரில் வேகம் உண்டு. ஆனால் அந்தச் சூட்டில் விளிம்பின் துத்தநாகப் பூச்சு கருகிவிடும். தெறிக்கிற இரும்புப் பொறி பக்கத்து ஷீட்டிலெல்லாம் ஒட்டி அடுத்த மழையில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். முதல் ஜன்னலை அவர் கிரைண்டரில்தான் வெட்டினார். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். இன்றைக்கும் அந்த ஒரு ஜன்னலின் ஓரத்தில் மட்டும் அம்மை போட்டது மாதிரி துரு.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஜன்னலுக்கு மேல் விளிம்பு. சுவர் ஷீட்டில் வழிகிற தண்ணீர் அங்கேதான் உள்ளே திரும்பும். பெரும்பாலோர் சிலிக்கானைப் பிதுக்கி அப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு கோடை தாண்டினால் அது வெடிக்கும். செய்ய வேண்டியது வேறு. இசட் மாதிரி மடித்த தகரப் பட்டையின் மேல் மடிப்பை, மேலே இருக்கிற ஷீட்டுக்கு உள்பக்கமாகச் செருக வேண்டும், வெளிப்பக்கமாக அல்ல. அப்போதுதான் மேலிருந்து வரும் தண்ணீர் பட்டை மேல் விழுந்து முன்னால் சொட்டும். கூரை ஓட்டை ஓட்டின் மேல் ஏற்றி அடுக்குகிற அதே நியாயம். ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூவை வாஷர் பிதுங்காத அளவுக்கு முடுக்கினால் போதும்.

மொத்தம் 46,000 ரூபாய் ஆயிற்று, மூலைத் துண்டுகள், கதவு, கொசுவலை எல்லாம் சேர்த்து. வலை போட்டால் காற்று கொஞ்சம் குறையத்தான் செய்யும். சாயங்காலம் மட்டும் மாட்டிக்கொள்கிறாற்போல் கழற்றும் வலையாகப் போட்டோம். ஆகஸ்டில் வேலை முடிந்தது. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கத்தில் கரை கடந்தது. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. ஷெட் போனால் கான்ட்ராக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? தண்ணீர் வடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பக்கம் போக முடிந்தது. தரையெல்லாம் சேறு, மெஷின் மோட்டார் இரண்டு நாசம். கூரை நின்றது. ஐந்து ஜன்னலில் நான்கு ஒழுகவில்லை. ஒழுகியது கிரைண்டர் ஜன்னல்.

அடுத்த மே மாதம் அதே வெப்பமானியைக் கொண்டு போனேன். வெளியே 38, உள்ளே 39. இதுவும் சூடுதான், இல்லையென்று சொல்லவில்லை. கூரைத் தகரம் சுடுகிறவரை சூடு இருக்கும். மேற்குச் சுவரின் முக்கோணத்தில், கூரை முகட்டுக்கு அடியில் சரிவுப் பலகை வைத்து ஒரு திறப்பு விட்டால் மேலே தேங்குகிற அனல் அது வழியாகப் போய்விடும். அதற்கு இன்னும் தம்பி மகன் சம்மதிக்கவில்லை. புறா கூடு கட்டுமாம். கம்பி வலை அடிக்கலாமேடா என்றால், யோசிக்கிறேன் பெரியப்பா என்கிறான். மாசி பிறக்கட்டும், வெல்டரை நானே கூட்டிக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை டீயை ஃபிளாஸ்கில் எடுத்துப் போவதாக உத்தேசம்.