கை சின்னன் எண்டு இனிச் சொல்லாதேங்கோ

எங்கட பீடத்து இசைக்குழுவுக்குப் புதிதாக ஒரு பேஸ் கிற்றார் வாங்கப் போகிறார்களாம். காசு சேருது. வட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே படங்கள். கறுப்பு, சிவப்பு, ஆறு தந்தி, தலையில்லாத கிற்றார், கனடாவில் இருக்கிற ஆற்றையோ மச்சான் அனுப்பின விலைப்பட்டியல். ஒவ்வொரு படத்துக்கும் கீழ் ஆளாளுக்குக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆர் வாசிக்கப் போறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்கிறோம். இந்த வாங்கலை இப்படியே நடத்த விடேலாது என்றும் சொல்லுறம். ஏனென்றால் போனமுறையும் இப்படித்தான் நடந்தது. அப்போது நாங்களும் கூட இருந்து தலையாட்டினோம்.

போனமுறை கடைக்குப் போனது நாலு பேர். லீட் கிற்றார் வாசிக்கிற அண்ணா, கீபோர்ட் அண்ணா, பொருளாளர், வாகனம் வைத்திருந்தவர். பேஸ் வாசிக்க இருந்தவள் முதலாம் வருடத்துத் தங்கச்சி ஒருத்தி. அவளுக்கு அன்றைக்கு விரிவுரை. “நீ வராட்டிப் பரவாயில்லை, நாங்கள் வடிவாப் பாத்து எடுக்கிறம்” என்றார்கள். வடிவாகத்தான் எடுத்தார்கள். ஐந்து தந்தி, மினுக்கம், உள்ளே பற்றரி போடுகிற அக்ரிவ் வகை, தூக்கினால் தோள் இறங்குகிற பாரம். “ஐஞ்சு தந்தி எண்டால்தான் புரொபெஷனல்” என்று ஒரு விளக்கம் வேறு. கையிலிருந்த காசு முழுக்க அதிலேயே முடிந்தது. அம்பிளிபயருக்கு மிச்சமில்லை, தோள்வாருக்கும் இல்லை. யாருடையதோ பழைய நைலோன் வாரில், பழைய கிற்றார் அம்பிளிபயரில் அவள் பழகினாள்.

மூன்று மாதத்தில் இடது மணிக்கட்டு நோ. பிறகு தோள். பிறகு வரவில்லை. “கை சின்னன். பேஸ் பெட்டையளுக்குச் சரிவராது” என்று பேச்சு முடிந்தது. அந்த இடத்துக்கு, கோட்ஸ் சரியாகப் பிடிக்கத் தெரியாததால் றிதம் கிற்றாரிலிருந்து இறக்கப்பட்ட ஒரு பெடியனைப் போட்டார்கள். கிற்றார் ஏலாதவனுக்குக் கொடுக்கிற வேலைதான் பேஸ் என்ற நம்பிக்கை ஊர்க் கோஷ்டியிலிருந்து கொழும்பு வரைக்கும் ஒன்றுதான்.

முதலில் இந்தக் “கை சின்னன்” கதையை எடுப்போம். அடிமட்டம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கோ.

வழமையான பேஸில் அதிர்கிற தந்தியின் நீளம், மேலே நட்டிலிருந்து கீழே பிரிட்ஜ் வரை, 34 அங்குலம். லியோ ஃபெண்டர் 1951 இல் சந்தைக்கு விட்ட பிரிசிஷன் பேஸில் தொடங்கி இன்று வரை பெரும்பாலானவை இந்த அளவுதான். சின்ன அளவு பேஸ் என்று இன்னொன்று உண்டு, அது 30 அங்குலம். முதலாம் பிரெற்றிலிருந்து நாலாம் பிரெற் வரைக்கும் 34 இல் 13 சென்ரிமீற்றர், 30 இல் பதினொன்றரை. ஒன்றரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம் கேட்கச் சின்னது. ஒரு மணித்தியாலம் விரலை விரித்து வைத்திருக்கிறவளுக்கு அது சின்னதில்லை.

ஆனால் அந்த 13 சென்ரிமீற்றரை எட்டத்தான் வேண்டும் என்று ஆர் சொன்னது? ஒரு விரலுக்கு ஒரு பிரெற் என்பது லீட் கிற்றார்காரரின் பழக்கம். அதைத்தான் அந்த அண்ணா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். நின்று வாசிக்கிற பெரிய டபிள் பேஸில் தந்தி 41, 42 அங்குலம் வரும். அதை வாசிக்கிறவர்கள் கீழ்ச் சுரங்களில் நாலு விரலை நாலு இடத்தில் வைப்பதில்லை. சுட்டுவிரல், நடுவிரல், பிறகு மோதிரவிரலும் சின்னவிரலும் சேர்ந்து ஒன்றாக. மூன்று இடம்தான், மற்றதுக்குக் கையை நகர்த்துவார்கள். இதே முறையை 34 அங்குலப் பேஸில் வைத்தால் முதலாம் பிரெற்றிலிருந்து மூன்றாம் பிரெற் வரை ஒன்பது சென்ரிமீற்றர்கூட வராது. அவளுடைய கைக்கு அது தாராளம். சொல்லிக் கொடுக்க ஒருத்தரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கை அளவும் ஆண் பெண் கணக்கும் ஒன்று என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுறம். கரோல் கே, லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிப்பதிவுக்கூடங்களில் 1960களில் வாசித்தவர். கிற்றார்காரியாக இருந்து, ஒரு நாள் பேஸ்காரர் வராததால் பேஸை எடுத்தவர். பீச் போய்ஸ் இசைத்தட்டுகளில் அவருடைய பேஸ் கேட்கும். அவர் வாசித்தது 34 அங்குலப் பிரிசிஷன். மற்றவர் போல் மக்கார்ட்னி. 1961 இல் ஹம்பேர்க்கில் அவர் வாங்கினது 30 அங்குல ஹொஃப்னர், வயலின் உருவம். ஃபெண்டர் வாங்கக் கையில் காசில்லை. அவர் இடதுகைக்காரர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்த உருவம் திருப்பிப் பிடித்தாலும் கோமாளித்தனமாகத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். அவரும் பேஸுக்கு ஆசைப்பட்டு வந்தவரில்லை, குழுவின் பேஸ்காரர் விலகினதால் தலையில் விழுந்தது. ஆக, பொம்பிளை பெரிய பேஸ், ஆம்பிளை சின்னப் பேஸ். அந்த அண்ணாமாரின் கணக்கில் இது எப்படிச் சரிவரும் என்று கேட்டுச் சொல்லுங்கோ.

நீளத்தைவிட எங்களுக்குக் கோபம் வந்தது மற்ற இரண்டு விசயத்தில். ஒன்று கழுத்தின் அகலம். ஜாஸ் பேஸின் கழுத்து நட்டில் 38 மில்லிமீற்றர். பிரிசிஷன் 41 முதல் 44. ஐந்து தந்தி என்றால் பெரும்பாலும் 45க்கு மேல். பெருவிரலைப் பின்னால் வைத்து மற்ற விரல்களைத் தடித்த தந்திக்கு எட்டச் செய்கிறபோது இந்த ஏழெட்டு மில்லிமீற்றரைத் தாங்குகிறது மணிக்கட்டுத்தான். இரண்டாவது கழுத்துச் சரிவு. தோளில் மாட்டி இரண்டு கையையும் விட்டுப் பாருங்கோ. நல்ல சமநிலை உள்ள பேஸ் அப்படியே நிற்கும். மற்றது தலைப்பக்கம் நிலத்தைப் பார்த்து விழும். விழுகிற பேஸை இடது கை தாங்க வேண்டும், தாங்கிக்கொண்டே வாசிக்கவும் வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிசம் காணும், காசும் இல்லை. நாலு பேர் போயும் ஒருத்தர் செய்யவில்லை. செய்தாலும் பலனில்லை, அவர்களின் தோளில் அது வேறு மாதிரி நின்றிருக்கும்.

பற்றரிக் கதையையும் சொல்லாமல் விடேலாது. கலைவாரம் இரண்டாம் நாள், நடுப்பாட்டில் பேஸ் கரகரத்து, மெலிந்து, செத்துப்போனது. வயரை ஆட்டினார்கள், மிக்சரைத் திட்டினார்கள், சவுண்ட் அண்ணாவோடு சண்டைக்குப் போனார்கள். இறந்தது 9 வோல்ட் பற்றரி. அக்ரிவ் பேஸில் வயரைச் சொருகினாலே உள்ளே சுவிட்ச் போட்ட மாதிரி, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பற்றரி இறங்கும். பழகி முடிந்ததும் வயரைக் கழற்றி வைக்க வேண்டும் என்று வாங்கினவர்கள் ஒருத்தருக்கும் தெரியாது. பற்றரி வேண்டாத பசிவ் வகை வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்க நாலைந்து குமிழ் உள்ளது மேல் என்று நினைத்தார்கள். அந்தக் குமிழ்களை இன்று வரை ஒருத்தரும் நடுவிலிருந்து திருப்பவில்லை.

ஐந்து தந்தியே தேவையில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பாடகருக்குத் தக்கபடி சுருதி ஏறி இறங்குகிற கோஷ்டியில் அந்தக் கீழ்த் தந்தி கைகொடுக்கும். டி, ஈ பிளாற் சுருதிகளில் பாட்டு விழுந்தால் நாலு தந்திக்காரருக்குக் கீழே இடமிராது. அதை அறிந்து, அதற்காக வாங்குகிறவர் வாங்கட்டும். எங்கட குழுவில் நடந்தது வேறு. அந்தத் தந்தி சுரத்துக்குப் பயன்பட்டதே இல்லை, பெருவிரலை வைத்து ஆறுகிற கட்டையாகத்தான் இருந்தது. கீபோர்ட் அண்ணாவின் இடது கையும் அதே ஆழத்தில் உழுதுகொண்டிருந்ததால், வாசித்திருந்தாலும் கஞ்சிதான்.

இனி எங்கட குற்றம். அவள் விட்டுப்போய்க் கன நாளுக்குப் பிறகு, முந்தி கோயில் திருவிழாக் கோஷ்டிகளில் வாசித்த ஐயா ஒருவரிடம் அந்தப் பேஸைக் காட்டினோம். விற்கலாமா என்று கேட்கத்தான் போனது. அவர் வாசித்துப் பார்க்கவேயில்லை. கழுத்தை ஒரு கண்ணால் பார்த்தார், தந்தியை முதலாம் பிரெற்றிலும் கடைசிப் பக்கத்திலும் அழுத்திக்கொண்டு நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்தார். “இதுக்குள்ள ஒரு விசிற்றிங் காட் போற இடம் இருந்தால் காணும். உங்கடையில ரெண்டு ரூபாக் குத்தி போகும் பிள்ளையள்” என்றார். பன்னிரண்டாம் பிரெற்றில் தந்தி உயரம் நாலரை மில்லிமீற்றர். இரண்டு, இரண்டரை இருந்தால் சுகமாக வாசிக்கலாம். கழுத்துக்குள்ளே ஓடுகிற இரும்புக் கம்பியை ஒரு சாவியால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார், பிரிட்ஜைப் பதித்தார், 45இலிருந்து தொடங்குகிற தந்திக்குப் பதிலாக 40இலிருந்து தொடங்குகிற மெல்லிய செற் போடச் சொன்னார். எங்கட ஊர்ப் புழுக்கத்திலும் வெயிலிலும் மரம் அசையும், வருசத்துக்கு ஒரு தரமாவது பார்க்க வேணும் என்றார். ஒரு பின்னேரம்கூட எடுக்கவில்லை.

அதாவது அவள் மூன்று மாதமாகக் கழுத்து வளைந்த, தந்தி இரட்டிப்பு உயரத்தில் நின்ற ஒரு சாமானோடு போராடியிருக்கிறாள். நாங்கள் அவளுடைய கையைக் குறை சொன்னோம்.

பேஸைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தோம். ஒரு பாட்டின் பாதி வரை வாசித்தாள். “இப்பதான் இது கிற்றார் மாதிரி இருக்கு” என்றாள். திருப்பித் தந்துவிட்டாள். சோதினை வருது, நேரமில்லையாம். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இதற்கு எதிராக ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சனைக் கொண்டுவரலாம். மோட்டவுன் பாட்டுகளின் பேஸ் அவர். பழைய பிரிசிஷன், தந்தி மிக உயரம், அறுந்தாலொழிய மாற்றாத தட்டைத் தந்தி, வலது கையில் சுட்டுவிரல் மட்டும். “அவர் கஷ்டப்பட்டு வாசிச்சவர்தானே?” என்பார்கள். அவர் டபிள் பேஸிலிருந்து வந்தவர். அந்த உயரமும் பாரமான தந்தியும் அவருடைய கைக்குப் பழகின இடம். அவருக்கு எங்கட தாழ்ந்த தந்தியைக் கொடுத்தால் அதுதான் கஷ்டம். இசைத்தட்டு உறையில் 1971 வரைக்கும் அவர் பெயர் போடாமல் விட்டது வேறு கதை. பேஸ்காரரைக் கணக்கெடுக்காத பழக்கம் எங்கட கண்டுபிடிப்பு இல்லை போல.

இப்போது சேருகிற காசைப் பற்றி. வட்ஸ்அப்பில் வருகிற எல்லா வீடியோவையும் நீங்கள் போனில் கேட்டுத்தான் “சவுண்ட் செம” என்கிறீர்கள். நாலு தந்திப் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹேர்ட்ஸ். அந்த ஆழம் போனின் ஸ்பீக்கரில் வராது. நீங்கள் கேட்டது அதன் மேல் எதிரொலிகளை மட்டும். அதை வைத்து எந்தப் பேஸ் நல்லது என்று சொல்லுறது, படத்தைப் பார்த்து உப்புக் காணாது எண்டு சொல்லுற மாதிரி.

2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்களுக்கு எட்டாத உயரம். அதற்காகத்தான் சொல்லுறம், தலையில் எழுதியிருக்கிற பெயருக்குக் காசைக் கொட்டாதேங்கோ. நாலு தந்தி, பசிவ், பாரம் குறைந்த, பாவித்த ஒன்று போதும். மிச்சத்தில் ஒரு கீபோர்ட் அம்பிளிபயராவது வாங்குங்கோ, கீழ்ச் சுரத்தை அது தாங்கும். கிற்றார் அம்பிளிபயரில் பேஸைக் கூட்டி வைத்தால் ஸ்பீக்கர் கிழியும், எங்கடது கிழிந்துதான் கிடக்கு. மேடையில் மிக்சருக்கு நேரே கொடுக்க ஒரு டிஐ பெட்டி, நீள வயரில் வருகிற இரைச்சலைக் குறைக்கும். பிறகு அகலமான, உட்பக்கம் சொரசொரப்பான தோல் வார். அது வழுக்காது, கழுத்துச் சரிவையும் கொஞ்சம் பிடிக்கும். பழைய இளையராஜாப் பாட்டு மாதிரி உருண்ட சத்தம் வேண்டுமென்றால் புதுக் கிற்றார் தேவையில்லை. தட்டைத் தந்தி போடலாம். அதுக்கும் காசில்லையா, பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்ச் துண்டொன்றைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திக்குக் கீழே செருகுங்கோ. பைலா அடிக்கிறபோதும் சுரம் இழுபடாமல் வெட்டி வெட்டி விழும்.

இதெல்லாம் இரண்டாம் பட்சம். எங்கட முதல் நிபந்தனை வேறு: வாசிக்கப்போற ஆள் கடைக்கு வர வேணும். நாற்காலியில் இருந்து அல்ல, வாரை மாட்டி நின்று பார்க்க வேணும். இருபது நிமிசமாவது. வாங்கலாமா வேண்டாமா என்பதில் அந்த ஆளின் சொல்லுத்தான் கடைசி, பொருளாளருடையது இல்லை. அந்த நாளில் விரிவுரை இருந்தால் நாள் மாறட்டும்.

வருகிற சனிக்கிழமை போகலாம் என்று குழுவில் போட்டிருக்கிறார்கள். முதலாம் வருடத்தில் இரண்டு பேர் பேஸ் பழக விருப்பம் சொல்லியிருக்கினம், அதில் ஒருத்தி இடதுகைக்காரி. இரண்டு பேரின் பெயரையும் நாங்களே குழுவில் போட்டோம். பழைய தங்கச்சிக்கும் தகவல் அனுப்பினோம், வாசிக்க வராட்டியும் பார்க்க வா என்று. நீல அடையாளம் விழுந்திருக்கு. பதில் இன்னும் வரவில்லை. வாகனத்தில் நாலு பேருக்குத்தான் இடம் என்று ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அண்ணாமார் பஸ்ஸில வாங்கோ.