சுருக்கங்களை அழிக்காத கைபேசி

எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக ஒரு கைபேசி வாங்க வேண்டியிருக்கிறது. கேமராவையும் ஃபிளாஷையும் பார்த்துத்தான் வாங்கப் போகிறோம். இலக்கியம் பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். சென்ற முறை நாங்கள் தவறாக வாங்கினோம். அதற்குக் கொடுத்த விலை பணம் மட்டுமன்று.

மூன்றாண்டுகளுக்கு முன் நண்பர்கள் பதினோரு பேர் பணம் சேர்த்து ஒரு கைபேசி வாங்கினோம். மாதக் கூட்டங்களைப் படமெடுத்து வைக்க வேண்டும், உதிர்ந்துகொண்டிருக்கும் பழைய சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக நகலெடுக்க வேண்டும் என்பவை நோக்கங்கள். பெட்டியின் மேல் 108 மெகாபிக்சல் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்த எண்ணில் மயங்கினோம். அடுத்த கூட்டத்துக்கு, நாங்கள் கல்லூரி நாள் முதல் வாசித்துவந்த சிறுகதையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். வயது 84. நூலகத்து மாடியில் இரண்டு குழல்விளக்குகள். அவற்றில் ஒன்று எரியவில்லை. ஃபிளாஷ் போட்டு ஏழெட்டுப் படங்கள் எடுத்தோம். ஆறு வாரங்களில் அவர் மறைந்தார்.

அஞ்சலிக் குறிப்புக்காக அந்தப் படங்களைத் திறந்தபோதுதான் உற்றுப் பார்த்தோம். நெற்றிக் கோடுகளைக் காணோம். கண்ணுக்குக் கீழே தொங்கிய சதையைக் காணோம். கறுத்த மேனி கோதுமை நிறமாகியிருந்தது. படத்தைப் பார்த்த அவருடைய மகள், "அப்பா மாதிரியே இல்லையேண்ணா" என்றார். வேறு படம் எங்களிடம் இல்லை.

அதன் பிறகுதான் இந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் படிக்கத் தொடங்கினோம். முதலில் ஃபிளாஷ். 2007இல் வந்த நோக்கியா என்82 கைபேசியில் செனான் ஃபிளாஷ் இருந்தது. கேமராக்காரர்கள் கல்யாண வீடுகளில் அடிப்பார்களே, அதே இனம். 2012இல் வந்த 808 பியூர்வியூவிலும் இருந்தது. கணநேரம் மின்னி அணையும் அந்த ஒளியில் அசைகிற கைகூட நின்றுவிடும். ஆனால் அதற்குக் கெபாசிட்டர் வேண்டும், கெபாசிட்டருக்கு இடம் வேண்டும். கைபேசி மெலிய மெலிய செனான் வெளியேறியது. இன்று நம் கைபேசியில் ஃபிளாஷ் என்று இருப்பது எல்இடி விளக்கு. டார்ச்சாகவும் அதைத்தான் ஏற்றுகிறோம். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகக் குறையும் என்பது இயற்பியல். நான்காம் வரிசையிலிருந்து மேடையை நோக்கி ஃபிளாஷ் அடிப்பவர் முன்வரிசைக்காரரின் பிடரியைத்தான் ஒளியூட்டுகிறார். (இலக்கியக் கூட்டப் படங்களில் பிடரிகள் மிகுதியாக இருப்பதன் காரணம் இப்போது விளங்குகிறது.) அருகில் போய் அடித்தாலோ, லென்ஸை ஒட்டியிருக்கும் விளக்கு முகத்தின் மேடுபள்ளத்தைத் தட்டையாக்கிவிடும். மிச்சமிருக்கும் சுருக்கங்களை 'அழகு' என்ற பெயரில் மென்பொருள் துடைத்தெடுக்கும். எங்கள் கைபேசியில் அந்த அழகூட்டல் கடையிலிருந்து வரும்போதே இயங்கிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மெகாபிக்சல் கதையும் இப்படித்தான். 108 என்று எழுதியிருந்தாலும், ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் அது வழக்கமாகத் தருகிறது. மங்கலான கூடத்தில் உதவுவது சென்சாரின் பரப்பளவும், கைநடுக்கத்தைத் தாங்கும் லென்ஸ் அமைப்பும்தான். 2018இல் கூகுள் தன் பிக்சல் கைபேசிகளில் நைட் சைட்டைக் கொண்டுவந்த பின், பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கும் முறை பரவலாயிற்று. பேசுகிறவர் சற்றே அசையாதிருந்தால் ஃபிளாஷே தேவைப்படுவதில்லை.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறங்களைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் வெள்ளைப் பெண் ஒருத்தியின் முகமே இருந்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாக்லேட்டின் பழுப்பும் மரச்சாமானின் பழுப்பும் படத்தில் சரியாக வரவில்லை என்று வியாபாரிகள் முறையிட்டது படச்சுருள் திருந்தியதற்கு ஒரு காரணம் என்று அதில் வருகிறது. கறுத்த முகங்களுக்கு வராத அக்கறை மேசை நாற்காலிக்கு வந்திருக்கிறது! 2021இல் கூகுள் 'ரியல் டோன்' என்று அறிவித்து, கறுத்த தோலையும் உள்ளபடி காட்டப் போவதாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே கடைக்குப் போகும்போது எங்களில் ஆகக் கறுப்பான நண்பரையும் ஆக மூத்த நண்பரையும் அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தோம். இருவரும் ஒருவரே என்பது வசதி.

நகலெடுக்கும் வேலையில் வேறொரு சிக்கல். பழைய ஈய எழுத்து அச்சில் மெய்யெழுத்துப் புள்ளி மங்கிக் கிடக்கும். குறைந்த வெளிச்சத்தில் படமெடுத்தால், கைபேசி அந்தப் புள்ளியை இரைச்சல் என்று கருதித் துடைத்துவிடுகிறது. சுவடிகளில் புள்ளியே இல்லாமல் வாசித்த பரம்பரைதான் நம்முடையது. ஆனால் அதற்கு ஒரு உ.வே.சா. வேண்டும், நாங்கள் பதினோரு பேர் போதமாட்டோம். ஃபிளாஷ் போட்டால் பக்கத்தின் நடுவில் வெளிச்சம் கொட்டி ஓரங்கள் இருளும். வழவழப்பான அட்டையானால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இருபுறமும் சாய்வாக இரண்டு மேசை விளக்குகளை வைத்தபோது புள்ளிகள் திரும்பி வந்தன. விளக்குகள் இரண்டும் சேர்ந்து கைபேசி விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகவில்லை.

சென்ற வாரம் கடைக்குப் போனோம். பகலைவிட வெளிச்சமான கூடம் அது. அங்கே எந்தக் கைபேசியும் நன்றாகத்தான் எடுக்கும். மாடிப்படிக்குக் கீழே இருட்டாக ஓர் இடம் இருந்தது. மூத்த நண்பரை அங்கே நிற்க வைத்து, அழகூட்டலை அணைத்து, ஃபிளாஷோடும் இல்லாமலும் நான்கு கைபேசிகளில் எடுத்தோம். விற்பனையாளர் தம்பி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதுல அய்யாவுக்கு ரொம்ப வயசாத் தெரியுதே, அடுத்ததைப் பாருங்க" என்றார்.

அந்தக் கைபேசியைத்தான் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.