ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் இருக்கு... ரேக்ளாவுக்கு? 8 மைல் ஓடும் மாடுகளும் விடை கிடைக்காத கேள்வியும்

பொங்கல் லீவு நெருங்கினாலே தாம்பரம் ரயில் நிலையத்திலும் கிளாம்பாக்கம் பஸ் முனையத்திலும் கால் வைக்க இடம் இருக்காது. ஊருக்குக் கிளம்பும் அந்தக் கூட்டத்தில் சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்து ஆட்கள் கணிசமாக இருப்பார்கள். அவர்களில் பலருக்கு ஜல்லிக்கட்டைவிடப் பெரிய ஈர்ப்பு வேறொன்று: மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். சென்னைக்காரர்கள் பொதுவாக 'ரேக்ளா' என்று சொல்வது.

ஜல்லிக்கட்டுக்கான தடை நீங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அதோடு ரேக்ளாவுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தைத் திறந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

எவ்வளவு தூரம் ஓடுகின்றன?

இது ஊருக்கு ஊர் மாறும். கொங்கு மண்டலத்தில் ரேக்ளா என்றால் 200 மீட்டர், 300 மீட்டர் நேர்ப்பாதை. யார் குறைந்த நொடியில் கடக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

தென்மாவட்ட எல்கைப் பந்தயம் அப்படியல்ல. இது தூரப் பந்தயம். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று மாட்டின் வளர்ச்சிக்கு ஏற்பப் பிரிவுகள் உண்டு. பிரிவு பெரிதானால் தூரமும் கூடும். பெரிய மாட்டுக்குப் 'போய்வர 8 மைல்' என்பது நோட்டீஸில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய வரி. அதாவது, சுமார் 13 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஓடுவது மாதிரி, அதுவும் தார் ரோட்டில். (நாடே கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பந்தய நோட்டீஸில் மட்டும் மைல் மாறவே இல்லை!)

ஒரு வண்டிக்கு இரண்டு மாடு, ஒரு சாரதி, கூடவே ஒரு துணை ஆள். ஜோடி சேர்ப்பதுதான் இதில் பெரிய வித்தை. ஒரு மாடு வேகமாக இழுத்து இன்னொன்று பின்தங்கினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் மாதக்கணக்கில் இரண்டையும் ஒன்றாக நடக்க விட்டு, கண்மாயில் நீந்த விட்டுப் பழக்குவார்கள். பருத்திக்கொட்டை, தவிடு, முட்டை, பேரீச்சம்பழம் என்று செலவு தனி. மாடு வளர்ப்பவர்கள் சொல்லும் 'பிள்ளை மாதிரிப் பார்த்துக்கிறோம்' என்பதில் பொய் இல்லை. ஆனால் கோர்ட் கேட்கும் கேள்வி வளர்ப்பைப் பற்றியதல்ல; அந்த 8 மைலைப் பற்றியது.

ஆரம்பமே ரேக்ளாதான்!

பலருக்கும் தெரியாத ஒரு தகவல்: ஜல்லிக்கட்டுத் தடை வழக்கின் தொடக்கப்புள்ளி ஜல்லிக்கட்டு இல்லை. ரேக்ளா பந்தயம் நடத்த போலீஸ் அனுமதி வேண்டும் என்று தென்மாவட்டத்திலிருந்து ஒரு மனு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு வந்தது. அதை விசாரித்த நீதிபதி பானுமதி, 2006 மார்ச் மாதம் ரேக்ளா, ஜல்லிக்கட்டு இரண்டுக்கும் சேர்த்தே தடை போட்டார். அனுமதி கேட்கப் போனவருக்குக் கிடைத்தது தடை.

2007ல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2009ல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2011ல் மத்திய அரசு, வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழகச் சட்டத்தைச் செல்லாது என்றது. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று தெளிவாகவே சொன்னது. பிறகு 2017 ஜனவரி மெரினா போராட்டம், அவசரச் சட்டம், சட்டத்திருத்தம்.

2017 திருத்தத்தில் ரேக்ளா இருக்கிறதா?

சிக்கலே இங்குதான். திருத்தத்தில் 'ஜல்லிக்கட்டு' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. பாரம்பரியத்தையும் பண்பாட்டையும் பின்பற்றி, ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கும் நாட்களில், அறிவிக்கும் இடங்களில், காளைகளைக் கொண்டு நடத்தும் நிகழ்வு. இதில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவையும் அடங்கும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ரேக்ளா, மாட்டுவண்டிப் பந்தயம் என்ற பெயர்கள் அந்த வரிசையில் இல்லை.

'காளைகளைக் கொண்டு நடத்தும் நிகழ்வு' என்ற சொற்களுக்குள் ரேக்ளாவும் வரும் என்று வாதிடலாம். சரி, வரும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மே மாதத்தோடு பந்தயம் நின்றுவிட வேண்டும். ஆனால் எல்கைப் பந்தயம் கோயில் திருவிழா, தலைவர்கள் பிறந்தநாள் என்று வருஷம் முழுக்க நடக்கிறது. ஆடி மாதத்திலும் நடக்கிறது!

2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தமிழகம், மகாராஷ்டிரா, கர்நாடகா ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சட்டத்தை விதிகளோடு சேர்த்துப் படித்தால் மாடுகளின் வலியும் துன்பமும் பெருமளவு குறைகின்றன என்பதுதான் அனுமதிக்கான அடிப்படை. அந்த விதிகள் ஜல்லிக்கட்டுக்காக எழுதப்பட்டவை. வாடிவாசல், களம், தடுப்பு, மாட்டுக்கு மருத்துவப் பரிசோதனை என்று ஒரே இடத்துக்குள் அடங்கும் விளையாட்டுக்கானவை. 13 கிலோமீட்டர் ரோட்டின் இருபுறமும் இரட்டைத் தடுப்பு கட்ட முடியுமா என்ன?

மகாராஷ்டிரா இந்தக் குழப்பத்தை ஆரம்பத்திலேயே தவிர்த்துவிட்டது. அதன் 2017 திருத்தத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறார்கள். ஓடும் தூரம் 1,000 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதியும் உண்டு. அந்த அளவுகோலை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் கொங்கு ரேக்ளா தாராளமாகப் பாஸ். தெற்கத்தி எல்கைப் பந்தயம் மொத்தமாகக் காலி. விதி எழுதினால் எதிர்ப்பு கிளம்பக்கூடிய இடமும் இதுதான்.

தூரம்தான் பிரச்சினையா?

தூரத்தைக் குறைக்காமலும் விதி எழுதலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் 'இடிடராட்' நாய் வண்டிப் பந்தயத்தின் தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். வழியில் ஓர் இடத்தில் 24 மணி நேரமும் இன்னும் இரண்டு இடங்களில் தலா 8 மணி நேரமும் கட்டாய ஓய்வு. வழியிலுள்ள நிலையங்களில் கால்நடை மருத்துவர்கள் இருப்பார்கள். சோர்ந்த நாயை அங்கேயே விட்டுவிட வேண்டும், பதிலுக்கு வேறு நாயைச் சேர்க்க முடியாது. கடைசியில் குறைந்தது 5 நாய்களாவது வண்டியை இழுத்தபடி எல்லையைத் தொட வேண்டும். அதனால் நாயைக் கசக்கிப் பிழிந்து ஓட்டுபவருக்கே நஷ்டம்.

அங்கும் எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. 2024 போட்டியில் மட்டும் 3 நாய்கள் இறந்தன, எதிர்ப்பும் ஓயவில்லை. ஆனால் எந்த விதி மீறப்பட்டது என்று கேட்க, கையில் ஒரு புத்தகமாவது இருக்கிறது.

இங்கே எதை வைத்துக் கேட்பது?

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அளவுக்கு மீறி ஓட்டுவது, அடிப்பது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. தாம்பரத்தில் ஒரு வேளை டிபனுக்குக்கூட அது போதாது.

1965ஆம் ஆண்டு வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் கொஞ்சம் கறாரானவை. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 மணி வரை மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. முள் வைத்த குச்சியால் ஓட்டக் கூடாது. நுனியில் ஆணி அடித்த தார்க்குச்சி இந்த விதிப்படி நேரடியாகவே தடை செய்யப்பட்டது. பந்தயங்கள் பெரும்பாலும் காலையிலேயே தொடங்குவதால் வெயில் விதியில் அவை தப்பிவிடும். தார்க்குச்சி விதியில் தப்பிக்க வழியே இல்லை, யாராவது சோதித்துப் பார்த்தால்.

வண்டிகளோடு சேர்ந்து பைக்கிலும் காரிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் கூட்டத்தைப் பற்றி இந்த 1965 விதிகளில் எதுவும் இல்லை. மிரண்ட மாடு பார்வையாளர்களுக்குள் புகுந்து காயம் என்ற செய்திகளோ அடிக்கடி வருகின்றன.

இப்போதைக்கு நடைமுறை இதுதான்: விழாக் கமிட்டி போலீஸிடம் மனு கொடுக்கும். கிடைக்காவிட்டால் மதுரைக் கிளைக்குப் போகும். நிபந்தனைகளோடு அந்த ஒரு நாளுக்கு, அந்த ஓர் ஊருக்கு அனுமதி வாங்கும். பக்கத்து ஊர்க் கமிட்டி அடுத்த வாரம் அதேபோல இன்னொரு மனுவோடு நிற்கும்.